பிள்ளைச்சாவடிக்கு ஒரு சட்டம், திருவேட்டக்குடிக்கு ஒரு சட்டம்

புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் அரசுப் பணத்தில் நடக்கும் இரண்டு பொறியியல் கல்வி நிறுவனங்களை அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு கல்லூரியை ஆள்வது யார், அதற்குப் படியளப்பது யார் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். ஒன்று, நகருக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிள்ளைச்சாவடியில் இருக்கிறது. 1984இல் புதுவைப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய அது இன்று புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். மற்றொன்று, தெற்கே சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி, காரைக்கால் திருவேட்டக்குடியில் உள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகம், அதாவது புதுச்சேரி என்.ஐ.டி. முன்னதற்குச் சட்டம் இயற்றியது பாரதி பூங்காவுக்கு எதிரே உள்ள புதுவைச் சட்டப்பேரவை. பின்னதற்குச் சட்டம் இயற்றியது டெல்லியில் உள்ள நாடாளுமன்றம். பாடத்திட்டமும் பட்டமும் ஏறத்தாழ ஒன்றுதான். பணம் வரும் வழியும் கணக்குக் கேட்கும் மன்றமும் வேறு.

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் இந்த வேறுபாட்டுக்கு வேர் இருக்கிறது. மத்திய அரசு முழுதாகவோ பகுதியாகவோ நிதி கொடுத்து நடத்தும் அறிவியல், தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களைத் ‘தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை’ என்று சட்டம் போட்டு அறிவிக்கும் அதிகாரம் மத்தியப் பட்டியலின் 64ஆவது இனத்தின்படி நாடாளுமன்றத்துக்கு உரியது. உயர்கல்வியின் தரத்தை வரையறுத்து ஒருங்கிணைப்பதும் 66ஆவது இனத்தின்படி நாடாளுமன்றத்தின் வேலை. எஞ்சிய கல்வி முதலில் மாநிலப் பட்டியலில்தான் இருந்தது. நெருக்கடிநிலைக் காலத்தில் 1976இல் வந்த 42ஆவது திருத்தம் அதைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. யூனியன் பிரதேசம் என்பதால் புதுச்சேரியின் நிலை இன்னும் ஒரு படி கீழே. இங்கே எந்தப் பொருள் குறித்தும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். 1963ஆம் ஆண்டு யூனியன் பிரதேச அரசுகள் சட்டம் தந்த சட்டப்பேரவை மாநிலப் பட்டியலிலும் பொதுப்பட்டியலிலும் சட்டம் செய்யலாம் என்றாலும், இரு மன்றங்களின் சட்டங்களும் மோதினால் பொதுவாக நாடாளுமன்றத்தின் சட்டமே நிற்கும்.

தொழில்நுட்பக் கல்லூரிக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி நாடாளுமன்றத்துக்குப் புதிதல்ல. 1956இல் கரக்பூர் ஐ.ஐ.டி.க்குத் தனிச் சட்டம் வந்தது. 1961இல் எல்லா ஐ.ஐ.டி.களையும் ஒரே குடையின்கீழ்க் கொண்டுவந்த சட்டம் வந்தது. ஆனால் ஐ.ஐ.டி.கள் மட்டும் நாட்டுக்குப் போதவில்லை. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் பெரிய தொழிற்சாலைகளுக்குப் பொறியாளர்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டார்கள். அதற்காக 1959இல் வாரங்கலில் தொடங்கி மண்டலப் பொறியியல் கல்லூரிகள் வந்தன. தமிழ்நாட்டுக்குத் திருச்சியில் 1964இல் ஒன்று கிடைத்தது. கட்டடத்துக்கும் கருவிகளுக்கும் மத்திய அரசு முழுச் செலவு செய்யும், அன்றாட நடப்புச் செலவை மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளும் என்பது ஏற்பாடு. காகிதத்தில் நியாயமாகத் தெரிந்த இந்த ஏற்பாடு நடைமுறையில் இழுபறியானது. மாநிலம் தன் பங்கைத் தாமதித்தால் மத்தியப் பங்கு மட்டும் வந்து பயனில்லை. கல்லூரிக்கு எஜமானர்கள் இருவர் இருந்தும், பொறுப்பேற்க ஒருவரும் இல்லை. அறிவியலாளர் மஷேல்கர் தலைமையிலான குழு 1998இல் இந்தக் கல்லூரிகளின் நிலையை ஆராய்ந்த பிறகு, 2002 முதல் அவை என்.ஐ.டி.களாக மாறின. மத்திய அரசே முழுச் செலவையும் ஏற்றது. 2007இல் நாடாளுமன்றம் என்.ஐ.டி. சட்டத்தை இயற்றியது.

புதுச்சேரிக்கு என்.ஐ.டி. 2010இல் கிடைத்தது. அப்போது புதிதாகத் தொடங்கிய பத்து என்.ஐ.டி.களில் இது ஒன்று. வழிகாட்டி நிறுவனமாகத் திருச்சி என்.ஐ.டி. இருந்தது. நிர்வாக ஆணையால் பிறந்த இந்தப் பத்துக்கும் சட்ட அடித்தளம் தர 2012இல் திருத்தச் சட்டம் வந்தது. கல்லூரி தொடங்கி ஈராண்டு கழித்துச் சட்டம் வந்தது சிறிய செய்தியல்ல. சட்டத்தின் அட்டவணையில் பெயர் ஏறும்வரை ஒரு நிறுவனம் தன் பெயரில் பட்டம் வழங்க முடியாது. முதல் தொகுதி மாணவர்கள் படித்து முடிக்கும் முன்பே சட்டம் வந்ததால் சிக்கல் ஏற்படவில்லை.

என்.ஐ.டி. சட்டத்தில் ஒரு பிரிவைக் கூர்ந்து பார்க்க வேண்டும். நாடாளுமன்றம் சட்டப்படி நிதி ஒதுக்கிய பின், ஒவ்வொரு நிதியாண்டிலும் மத்திய அரசு தகுந்ததெனக் கருதும் தொகையை நிறுவனத்துக்கு வழங்கலாம் என்கிறது அது. எவ்வளவு என்று இல்லை. குறைந்தது இவ்வளவு என்றும் இல்லை. ஆனால் யார் தருவது என்பது ஐயமற எழுதப்பட்டிருக்கிறது. அதே சட்டத்தின்படி நிறுவனத்தின் கணக்கைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தணிக்கை செய்கிறார், அந்த அறிக்கை இரு அவைகளிலும் வைக்கப்படுகிறது. எல்லா என்.ஐ.டி.களுக்கும் மேலாக உள்ள கவுன்சிலில் மக்களவையிலிருந்து இருவரும் மாநிலங்களவையிலிருந்து ஒருவரும் உறுப்பினர்கள். ஒவ்வொரு என்.ஐ.டி.யின் ஆட்சிக் குழுவிலும் அது இருக்கும் மாநிலத்தின் அரசு நியமிக்கும் இருவருக்கு இடம் உண்டு. நடப்புச் செலவில் ஒரு ரூபாய் போடாத மாநில அரசுக்கும் கருத்துச் சொல்ல இரண்டு நாற்காலிகள் இருக்கின்றன. நிலம் கொடுத்த மாநிலத்துக்கு அந்த உரிமை வேண்டியதுதான். மாணவர் சேர்க்கை இடங்களில் பாதி உள்ளூர் ஒதுக்கீடு. புதுச்சேரி என்.ஐ.டி.யில் அந்தப் பாதி புதுச்சேரிக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் சேர்த்து.

இனி பிள்ளைச்சாவடி. புதுவைப் பொறியியல் கல்லூரி முழு மத்திய உதவியுடன் தொடங்கியது. பதிவு செய்யப்பட்ட சங்கமாக, தனி ஆட்சிக் குழுவோடு, புதுவை அரசின் தன்னாட்சி நிறுவனமாக இயங்கியது. பட்டம் கொடுத்தது, 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவாகிப் பக்கத்துக் காலாப்பட்டில் அமைந்த மத்தியப் பல்கலைக்கழகம். ஒரே கல்லூரி பாடத்துக்கும் பட்டத்துக்கும் நாடாளுமன்றம் உருவாக்கிய பல்கலைக்கழகத்தையும், சம்பளத்துக்குப் புதுவை அரசையும், அங்கீகாரத்துக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவையும் பார்த்து நின்றது. பேரவை 2019ஆம் ஆண்டுச் சட்டத்தால் இதைத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக்கியது. 2020இல் அது நடைமுறைக்கு வந்தது. பாடமும் தேர்வும் பட்டமும் இப்போது நிறுவனத்தின் கையில். சம்பளமும் ஆய்வகமும் விடுதியும் இன்னும் யூனியன் பிரதேச பட்ஜெட்டின் கையில்.

அந்த பட்ஜெட் எப்படி உருவாகிறது என்பதில்தான் புதுச்சேரியின் தனிச் சிரமம் அடங்கியிருக்கிறது. சென்னையில் நிதியமைச்சர் பட்ஜெட்டைத் தயாரித்து நேரே பேரவையில் வைக்கலாம். புதுச்சேரியில் திட்டக் குழு கூடி அளவை முடிவு செய்த பிறகு, கோப்பு துணைநிலை ஆளுநர் வழியாக மத்திய உள்துறை அமைச்சகத்துக்குப் போக வேண்டும். டெல்லி ஒப்புதல் தந்தால்தான் பேரவையில் வைக்கலாம். ஒப்புதல் தாமதமானால் மார்ச் மாதத்தில் சில மாதச் செலவுக்கு மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டு, முழு பட்ஜெட்டைப் பின்னால் வைப்பார்கள். 2020இல் முழு பட்ஜெட் ஜூலையில் வந்தது. 2022இலும் 2024இலும் ஆகஸ்டில் வந்தது. ஜூனில் புதிய மாணவர் சேர்க்கைக்கு ஆயத்தமாகும் கல்லூரிக்கு, அந்த ஆண்டு எத்தனை தற்காலிக ஆசிரியர்களை வைத்துக்கொள்ளலாம் என்பது ஆகஸ்டில்தான் தெரியும் என்றால் திட்டமிடுவது எப்படி? மானியமும் மொத்தமாக வருவதில்லை. தவணை தவணையாக வரும். சம்பளம் போக மிஞ்சுவதில்தான் கருவி வாங்க வேண்டும், பழுது பார்க்க வேண்டும்.

2025-26ஆம் ஆண்டுக்கு முதல்வர் ந. ரங்கசாமி தாக்கல் செய்த பட்ஜெட் 13,600 கோடி ரூபாய். அதில் பிரதேசத்தின் சொந்த வருவாய் சுமார் 7,641 கோடி. மத்திய அரசின் உதவி சுமார் 3,432 கோடி, அதாவது ஏறத்தாழ கால் பங்கு. கடனாகத் திரட்டுவது சுமார் 2,101 கோடி. மாநிலமாக இருந்தால் மத்திய வரிகளில் நிதிக் குழு வகுத்த பங்கு உரிமையாக வரும். நிதிக் குழுவின் வரம்பு மாநிலங்களோடு நின்றுவிடுகிறது. சட்டப்பேரவை இருந்தும் புதுச்சேரி அதற்குள் வரவில்லை. உள்துறை அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைகளில் ‘புதுச்சேரிக்கு மாற்றல்’ என்ற ஒரு கோரிக்கையாக மத்திய உதவி வருகிறது. பிள்ளைச்சாவடி ஆய்வகத்தின் ஒரு பகுதிப் பணமும் இப்படி நாடாளுமன்றத்தில்தான் நிறைவேறுகிறது. ஆனால் கல்வி பற்றிய விவாதத்தில் அல்ல, காவல்துறையும் எல்லைப் பாதுகாப்பும் பேசப்படும் உள்துறையின் கோரிக்கைகளில். அந்த விவாதத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் பெயர் ஒலிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

கல்வி அமைச்சகத்தின் கோரிக்கையாவது விரிவாகப் பேசப்படுகிறதா? பெரும்பாலான ஆண்டுகளில் இல்லை. மக்களவையில் ஒவ்வோர் ஆண்டும் சில அமைச்சகங்களின் கோரிக்கைகளுக்கு மட்டுமே நேரம் ஒதுக்கப்படுகிறது. கடைசி நாளில் எஞ்சிய அனைத்தையும் அவைத் தலைவர் விவாதமின்றி ஒரே மூச்சில் வாக்கெடுப்புக்கு விடுகிறார். ‘கில்லட்டின்’ என்று அவை வழக்கில் சொல்வது இதைத்தான். லட்சக்கணக்கான கோடி ரூபாய் சில நிமிடங்களில் நிறைவேறிவிடும். உண்மையான ஆய்வு நடப்பது, 1993 முதல் துறைவாரியாக இயங்கும் நிலைக்குழுக்களில். கல்விக்கான நிலைக்குழு மாநிலங்களவைத் தலைவரின் கீழ் வருகிறது. காலிப் பணியிடங்கள், ஒதுக்கியும் செலவழியாத தொகை, தாமதமான கட்டடங்கள் என்று அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்பது அங்கேதான். அறிக்கையை அரசு ஏற்றே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனாலும் பதில் சொல்லியாக வேண்டும்.

புதுச்சேரிக்கு மக்களவையில் ஒருவர், மாநிலங்களவையில் ஒருவர் என்று இரண்டே உறுப்பினர்கள். 39 மக்களவை உறுப்பினர்களைக் கொண்ட தமிழ்நாட்டைப்போல் குரல் எழுப்ப இயலாது. இந்த இருவருக்கும் கைகொடுப்பது கேள்வி நேரம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் நேரில் பதில் சொல்ல வேண்டும், துணைக்கேள்வியும் கேட்கலாம். குறியிடாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும். ஒரு நிறுவனத்தில் அனுமதித்த பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை என்று கேட்டு வாங்கிய எழுத்துப் பதில், ஒரு மணி நேர உரையைவிடப் பல நேரம் வலுவான ஆயுதம்.

பாலிடெக்னிக்குகளின் கதை சுருக்கமானது. லாஸ்பேட்டையிலும் காரைக்கால், மாகே, ஏனாம் பகுதிகளிலும் அவை இருக்கின்றன. பத்தாம் வகுப்பு முடித்த ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு வேலைக்கு வழிகாட்டுபவை அவைதான். அவையும் பிரதேச பட்ஜெட்டை நம்பியே இருக்கின்றன. 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த ‘மெரைட்’ திட்டம், நாடு முழுவதும் 175 பொறியியல் நிறுவனங்களுக்கும் 100 பாலிடெக்னிக்குகளுக்கும் ஐந்தாண்டுகளில் 4,200 கோடி ரூபாய் தரவிருக்கிறது. பாதி உலக வங்கிக் கடன்.

தரக் கட்டுப்பாட்டை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு கவனிக்கிறது. 1945இல் ஆலோசனை அமைப்பாகத் தொடங்கிய அதற்கு 1987இல் நாடாளுமன்றம் சட்ட அதிகாரம் தந்தது. பல்கலைக்கழகங்கள் தொழில்நுட்பப் பாடம் தொடங்க அதன் முன் அனுமதி வேண்டியதில்லை என்று 2001இல் பாரதிதாசன் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்லூரி பல்கலைக்கழகமாவதற்கு இருக்கும் ஆர்வத்தில் இந்தத் தீர்ப்புக்கும் ஒரு பங்கு உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு, தொழில்நுட்பக் கல்விக் குழு, ஆசிரியர் கல்விக் குழு மூன்றுக்கும் பதிலாக ஒரே ஆணையத்தைக் கொண்டுவரும் மசோதா 2025 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமாகி, இரு அவைகளின் கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. மானியம் வழங்குவது ஆணையத்திடம் இல்லாமல் அமைச்சகத்திடம் போகும் என்பது அதன்மீதான கடுமையான ஆட்சேபங்களில் ஒன்று. அந்த ஆட்சேபம் நியாயமானது. பணத்தைப் பகிர்பவரும் ஆட்சியாளரும் ஒருவரேயானால், தன்னாட்சி என்ற சொல் சட்டப் புத்தகத்தோடு நின்றுவிடும்.

புதுவைப் பேரவையில் 30 உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், மூவர் வரை மத்திய அரசு நியமிக்கிறது. கல்வித் துறையின் மானியக் கோரிக்கை வரும் நாளில் அவர்கள் கேட்க வேண்டியவை சில உண்டு. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற ஆண்டு ஒதுக்கியது எவ்வளவு, உண்மையில் விடுவித்தது எவ்வளவு, எந்த மாதத்தில்? தணிக்கை அறிக்கை பேரவையில் எப்போது வைக்கப்பட்டது? மூன்றாண்டுக்கு இவ்வளவு என்று மானியத்தை முன்கூட்டியே உறுதி செய்ய முடியுமா? தங்கள் தொகுதியில் பொறியியல் படிக்கும் பிள்ளை உள்ள பெற்றோர் இந்தக் கேள்விகளைத் தங்கள் உறுப்பினரிடம் எழுத்தில் கொடுக்கலாம். அவற்றைப் பேரவையில் கேட்பது அவரது கடமை.