முதல் வகுப்புத் தட்டில் என்ன கூடுதலாக இருக்கிறது?

"ஃபர்ஸ்ட் ஏசி டிக்கெட் எடுத்தா சாப்பாடு உள்ளேயே வந்துடுமா?" டெல்லிப் பக்கம் போகிற சொந்தக்காரர்கள் யாராவது வருஷத்துக்கு ஒருமுறையாவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. வகுப்பைப் பார்க்கக் கூடாது, ரயிலைப் பார்க்கணும்.

ராஜதானி, சதாப்தி, துரந்தோ, வந்தே பாரத் மாதிரியான வண்டிகளில் சாப்பாட்டுக் கட்டணம் டிக்கெட்டோடு சேர்ந்தே வரும். (2017லிருந்து 'வேண்டாம்' என்று சொல்லும் வசதி பல வண்டிகளில் வந்துவிட்டது.) தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், கிராண்ட் டிரங்க் மாதிரியான சாதாரண எக்ஸ்பிரஸ் வண்டிகளில் ஃபர்ஸ்ட் ஏசியில் போனாலும் சாப்பாடு தனிக்காசுதான். ஸ்லீப்பரில் இருப்பவருக்கு வருகிற அதே பேன்ட்ரி சாப்பாடுதான் கூபேயின் கதவைத் தட்டிக்கொண்டு உங்களுக்கும் வரும். இது தெரியாமல் ஏறி, "இவ்ளோ காசு குடுத்தும் இதுவா?" என்று கோபப்படுகிறவர்கள் நிறைய.

சரி, சாப்பாடு சேர்ந்த ராஜதானியையே எடுத்துக்கொள்வோம். அங்கே முதல் வகுப்புக்காரர் கூடுதலாக எவ்வளவு கொடுக்கிறார், அதற்கு என்ன கிடைக்கிறது?

கணக்கு

2019 நவம்பரில் ரயில்வே வாரியம் அறிவித்த கட்டணப்படி ராஜதானி ஃபர்ஸ்ட் ஏசியில் காலைத் தேநீர் 35 ரூபாய், சிற்றுண்டி 140, மதியமோ இரவோ சாப்பாடு 245, மாலைத் தேநீர் 140. செகண்ட், தேர்டு ஏசியில் இவையே 20, 105, 185, 90.

காலையில் ஏறி மறுநாள் காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு இறங்குகிற பயணம் என்று வையுங்கள். இரண்டு சிற்றுண்டி, இரண்டு சாப்பாடு, ஒரு மாலைத் தேநீர், ஒரு காலைத் தேநீர். ஃபர்ஸ்ட் ஏசியில் 945 ரூபாய், தேர்டு ஏசியில் 690. வித்தியாசம் 255 ரூபாய்தான். பயணக் கட்டணத்தில் இருக்கிற வித்தியாசத்தோடு ஒப்பிட்டால் இது சில்லறை. முதல் வகுப்புக்காரர் தரும் பெரிய காசு படுக்கைக்கும் கதவுக்கும் போகிறது, தட்டுக்குப் போவது கொஞ்சம்தான்.

அந்தக் கொஞ்சத்துக்கு என்ன வருகிறது? பீங்கான் தட்டு. எல்லாவற்றையும் ஒரே டிரேயில் திணிக்காமல் சூப், சாப்பாடு, இனிப்பு என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவருவது. இரண்டு மூன்று வகைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு. சமைப்பவர் மாறுவதில்லை. ஒரு வண்டி முழுக்க ஒரே உரிமம், அதனால் பெரும்பாலும் ஒரே சமையல்கூடம், ஒரே பருப்பு.

இருந்தாலும் ஃபர்ஸ்ட் ஏசியில் சேவை நிஜமாகவே மேலாகத் தெரியும். காரணம் எளிது. எல்எச்பி வகை ஃபர்ஸ்ட் ஏசி பெட்டியில் 24 பேர், அதே வகைத் தேர்டு ஏசி பெட்டியில் 72 பேர். 24 பேருக்குப் பரிமாறுகிறவர் உங்கள் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும். சர்க்கரை வேண்டாம் என்று நேற்றுச் சொன்னது இன்றும் அவருக்கு நினைவிருக்கும். 72 பேருக்குப் பரிமாறுகிறவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. முதல் வகுப்பின் ருசி என்று நாம் நினைப்பதில் பாதி இந்தக் கவனிப்புதான்.

சமையல் எங்கே நடக்கிறது?

'பேன்ட்ரியில் சுடச்சுடச் சமைக்கிறார்கள்' என்பது பலருடைய எண்ணம். 2017 பிப்ரவரியில் வந்த உணவுக் கொள்கை சமைப்பதையும் பரிமாறுவதையும் பிரித்துவிட்டது. ஊர்களில் இருக்கும் பெரிய சமையல்கூடங்களில் சமைத்து, வழி ஸ்டேஷன்களில் வண்டியில் ஏற்ற வேண்டும். வண்டியில் சூடு காக்கும் பெட்டிகளில் வைத்துப் பரிமாற வேண்டும். ஓடும் பெட்டியில் கேஸ் அடுப்பு எரிவதன் தீ அபாயத்தை நினைத்தால் இதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இதனால் சாப்பாட்டின் தரம் இரண்டு விஷயங்களில் மாட்டிக்கொள்கிறது. ஒன்று நேரம், இன்னொன்று சூடு.

சமைத்த உணவை 60 டிகிரிக்கு மேலே அல்லது 5 டிகிரிக்குக் கீழே வைக்கணும் என்பது உணவுப் பாதுகாப்பின் அடிப்படை விதி. நடுவில் இருந்தால் கிருமிகள் பெருகும். சோற்றில் இது இன்னும் கவனம். அரிசியில் ஒட்டியிருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் தப்பிப் பிழைக்கும். சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும். அதன் ஒரு வகையை மறுபடி சூடாக்கினாலும் அழிக்க முடியாது.

இப்போது வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்று வையுங்கள். பன்னிரண்டு மணிக்கு ஏறவேண்டிய சாப்பாடு, சமைத்து முடித்து, இரண்டு மணி வரை பிளாட்பாரத்தில் காத்திருக்கிறது. சமையல்காரர் மேல் குற்றமில்லை, ஆனாலும் சாப்பாடு கெட ஆரம்பிக்கலாம். சாப்பாட்டின் தரம் சிக்னலிலும் இருக்கிறது!

கெடாவிட்டாலும் ருசி போகும். ரொட்டி ஏன் தோல் மாதிரி இழுக்கிறது? மாவில் இருக்கும் ஸ்டார்ச், வெந்தபோது தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டது. ஆறும்போது அதன் இழைகள் மறுபடி நெருங்கி இறுகுகின்றன. வாணலியிலிருந்து நேராகத் தட்டுக்கு வரவேண்டிய பூரியும் தோசையும் ஃபாயில் பெட்டிக்குள் தங்கள் ஆவியிலேயே நனைந்து தொங்குகின்றன. ராஜ்மா, பருப்பு, குருமா மாதிரிக் குழம்பாக இருப்பவை தாக்குப்பிடிக்கும். பொங்கலும் உப்புமாவும் ஓரளவு சமாளிக்கும். ரயில் மெனு வருஷக்கணக்காக மாறாமலிருக்க சோம்பேறித்தனம் மட்டும் காரணமில்லை. பயணத்தைத் தாங்கும் பண்டங்கள் கொஞ்சம்தான்.

முன்பு எப்படி?

வெள்ளைக்காரர் காலத்தில் முதல் வகுப்புச் சாப்பாடு தனி உலகம். தெற்கே ஸ்பென்சர், கிழக்கே கெல்னர் போன்ற கம்பெனிகள் ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளை நடத்தின. அந்தக் காலத்துப் பெட்டிகள் பலவற்றில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்துபோக வழி கிடையாது. டைனிங் கார் போக வேண்டுமானால் ஒரு ஸ்டேஷனில் இறங்கி ஏறணும், திரும்பி வர அடுத்த ஸ்டேஷன் வரை உட்கார்ந்திருக்கணும். அதனால் நிதானமாக, வரிசையாகப் பரிமாறினார்கள். இன்றைய ராஜதானியின் சூப்பும் பீங்கானும் அந்தப் பழக்கத்தின் மிச்சம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1969ல் ஹௌரா–டெல்லி ராஜதானி ஓட ஆரம்பித்தபோது சாப்பாடு அந்த வண்டியின் கௌரவங்களில் ஒன்று. பிறகு நிர்வாகம் கைமாறிக்கொண்டே இருந்தது. 1999ல் ஐஆர்சிடிசி தொடங்கப்பட்டது. 2005 கொள்கை பொறுப்பை அதனிடம் கொடுத்தது. 2010 கொள்கை பெரும்பகுதியை மண்டல ரயில்வேக்களுக்குத் திருப்பியது. 2017ல் மறுபடி ஐஆர்சிடிசி.

அதே 2017 ஜூலையில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 74 ஸ்டேஷன்களிலும் 80 வண்டிகளிலும் பார்த்து எழுதியது. சுத்திகரிக்காத குழாய்த் தண்ணீரில் பானங்கள், மூடாத குப்பைத்தொட்டி, வண்டிக்குள் எலி, கரப்பான், பில் தராத விற்பனை. இப்படி அடிக்கடி கொள்கையை மாற்றியதே நிர்வாகத்தில் நிச்சயமின்மையை உண்டாக்கியது என்றும் அது சொன்னது. எனக்கு எலியைவிட இந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. சில வருஷத்தில் கொள்கை மாறும் என்று தெரிந்தால் நல்ல சமையல்கூடம் கட்ட யார் பணம் போடுவார்கள்?

இந்தக் குழப்பத்தின் கடைசிக் கண்ணி, தட்டு ஏந்தி வருகிறவர். ஒரு நீண்டதூர வண்டியில் அப்படி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "சார், வண்டி லேட்டானாலும் திட்டு எங்களுக்கு, ரொட்டி காஞ்சாலும் திட்டு எங்களுக்கு. சமைச்சவர பாக்கவே முடியாதுல்ல" என்றார். கடைசியில் டிப்ஸ் தட்டு நீட்டப்படுகிறது. விதிப்படி கேட்கக் கூடாது. கேட்கிறவரின் சம்பளம் என்ன என்பதை டிக்கெட் சொல்வதில்லை.

அப்ப என்ன செய்யலாம்?

டிக்கெட் எடுக்கும்போதே சாப்பாடு வேண்டுமா என்று முடிவு செய்துவிடுங்கள். அப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியில் கேட்டால் சிற்றுண்டிக்கும் சாப்பாட்டுக்கும் 50 ரூபாய் கூடுதல். வண்டி நிறையத் தாமதமானால் சோற்றைவிட மூடி முத்திரையிட்ட தயிர், பிஸ்கட், பழம் பாதுகாப்பு. குறையிருந்தால் 139க்குச் சொல்லுங்கள், பரிமாறுகிறவரைத் திட்டிப் பயனில்லை.

கடைசியாக ஒன்று. 2023ல் முன்பதிவில்லாப் பெட்டிகள் நிற்குமிடத்துக்குப் பக்கத்திலேயே 20 ரூபாய்க்கு ஏழு பூரியும் உருளைக்கிழங்கும் விற்க ஆரம்பித்தார்கள். கதவில்லை, பீங்கானில்லை. ஆனால் இன்ன ஸ்டேஷனில், இன்ன விலைக்கு, இத்தனை பூரி என்ற வாக்கு தெளிவாக இருக்கிறது, எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். 245 ரூபாய்ச் சாப்பாட்டிலும் அந்தத் தெளிவு வேண்டும். எங்கே சமைத்தது, எத்தனை மணிக்குச் சமைத்தது என்று மூடிமேல் ஒரு சீட்டு ஒட்டினால் போதும். பீங்கான் தட்டைவிட அது எனக்குப் பெரிய மரியாதை.