10 கி.மீ. 31 நிமிடத்திலா? கிராஸ் கன்ட்ரி 'டைமிங்'கை நம்பலாமா... தூரத்தை அளந்தது யார்?

கல்லூரிகளுக்கு இடையிலான கிராஸ் கன்ட்ரி போட்டி முடிந்த அன்று மாலையே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்கள் நிரம்பிவிடும். "10 கி.மீ., 33 நிமிடம், பர்சனல் பெஸ்ட்" என்று ஒருவர் போடுவார். "எங்க ஊர்ல நான் 32 ஓடியிருக்கேன்" என்று இன்னொருவர் பதில் போடுவார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இருவரில் யார் வேகமானவர் என்பதை அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது.

தருமபுரி மாவட்டம் கம்பைநல்லூர் பக்கம் மாந்தோப்பு ஓரத்து மண்பாதையில் ஓடிப் பழகும் ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு இது வெறும் ஸ்டேட்டஸ் விவகாரம் இல்லை. அவர் கல்லூரி சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தால், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் நன்றாக ஓடினால்தான் பல்கலைக்கழக அணி. அங்கிருந்துதான் அகில இந்தியப் போட்டி. அரசு வேலையில் 3% விளையாட்டு இடஒதுக்கீடு என்ற கனவும் அந்த வழியில்தான் இருக்கிறது. அதனால் தன் வேகம் உண்மையில் எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

ஒரே ஆள், மூன்று டைம்

கென்யாவின் பியாட்ரிஸ் செபெட், 2023 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட்டில் நடந்த உலக கிராஸ் கன்ட்ரி போட்டியில் தங்கம் வென்றார். 10 கி.மீ. தூரத்துக்கு அவர் எடுத்த நேரம் 33 நிமிடம் 48 விநாடி. அடுத்த ஆண்டு மார்ச்சில் செர்பியாவின் பெல்கிரேடில் அதே பட்டத்தை மீண்டும் வென்றார். அப்போது 31 நிமிடம் 5 விநாடி. இரண்டே மாதம் கழித்து அமெரிக்காவின் யூஜின் நகரில், மைதான டிராக்கில் 10,000 மீட்டரை 28 நிமிடம் 54.14 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார்.

ஒரே வீராங்கனைதான். முதல் டைமுக்கும் மூன்றாவது டைமுக்கும் நடுவே கிட்டத்தட்ட 5 நிமிடம்! பாதர்ஸ்ட்டில் மலைச்சரிவு, திராட்சைத் தோட்டம், கொளுத்தும் வெயில். பெல்கிரேடில் ஓரளவு சமதளம். டிராக்கில் மேடும் இல்லை, சேறும் இல்லை. 33:48 ஓடிய செபெட்டை 'ஸ்லோ' என்று யாராவது சொல்வார்களா?

கல்லூரி அளவிலும் இப்படி ஒரு உதாரணம் உண்டு. கொரோனாவால் தள்ளிப்போனதால் அமெரிக்கக் கல்லூரிகளின் தேசிய கிராஸ் கன்ட்ரி போட்டி 2021-ல் இரண்டு முறை நடந்தது. இரண்டிலும் ஆண்கள் பிரிவில் முதலிடம் கானர் மான்ட்ஸ். மார்ச்சில் ஸ்டில்வாட்டரில் 29:26.1. நவம்பரில் டாலஹாசியில் 28:33.1. அதே 10 கி.மீ., ஆனால் 53 விநாடி வித்தியாசம். ஸ்டில்வாட்டர் மேடு பள்ளத்துக்குப் பேர் போன பாதை.

இதனால்தான் கிராஸ் கன்ட்ரிக்கு உலக சாதனைப் பட்டியலே கிடையாது. தட்பவெப்பமும் நிலமும் ஊருக்கு ஊர் மாறுவதால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பாதை அமைக்க முடியாது என்பதை உலக தடகள அமைப்பின் விதியே ஒப்புக்கொள்கிறது. அணிப் போட்டியிலும் நேரத்தைக் கூட்டுவதில்லை. உலகப் போட்டியில் ஒரு நாட்டின் முதல் 4 பேர் பிடித்த இடங்களைக் கூட்டுவார்கள், குறைந்த எண் பெற்ற அணி ஜெயிக்கும்.

சரி, தூரமாவது சரியாக இருக்குமா?

இங்கேதான் பெரிய சிக்கல். பெரும்பாலான கிராஸ் கன்ட்ரி பாதைகள் ஒரே வட்டத்தை நாலைந்து முறை சுற்றுவதுதான். பெரிய போட்டிகளில் ஒரு சுற்று 1,500 முதல் 2,000 மீட்டர் வரை இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு சுற்றில் 20 மீட்டர் குறைந்தால் 5 சுற்றில் 100 மீட்டர் குறையும். 33 நிமிட வேகத்தில் ஓடுபவருக்கு அது 20 விநாடி லாபம், ஒரு சொட்டு வியர்வை கூட கூடுதலாகச் சிந்தாமல்.

தப்பு எங்கே நடக்கும்? பாதை 4 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அளப்பவர் சக்கரத்தை நடுவில் உருட்டிக்கொண்டு போகிறார். ஓடுபவர்களோ எல்லா வளைவிலும் உள்ஓரத்தை ஒட்டியே ஓடுகிறார்கள், அதாவது அளந்த கோட்டிலிருந்து 2 மீட்டர் உள்ளே. ஒரே பக்கமாகத் திரும்பி முடியும் வட்டம் என்றால், அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும் ஒரு சுற்றுக்கு சுமார் 12.5 மீட்டர் மிச்சம். 5 சுற்றில் 60 மீட்டருக்கு மேல்! அளந்தவரும் ஏமாற்றவில்லை, ஓடியவரும் ஏமாற்றவில்லை, ஆனாலும் பந்தயம் 10 கி.மீ. இல்லை. இதனால்தான் மாரத்தான் போன்ற சாலை ஓட்டங்களில், விதிக்கு உட்பட்டு ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியை அளக்கிறார்கள். வளைவில் சாலை விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளவெடுத்து, பாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆயிரத்தில் ஒரு பங்கு தூரத்தைக் கூடுதலாகவும் சேர்ப்பார்கள்.

உலகப் புகழ் பெற்ற போட்டிகளே இதில் சறுக்கியிருக்கின்றன. 1981 நியூயார்க் மாரத்தானில் ஆல்பர்டோ சலசார் 2 மணி 8 நிமிடம் 13 விநாடியில் ஓடி, உலகின் சிறந்த நேரம் என்று கொண்டாடப்பட்டார். பிறகு அளந்து பார்த்தால் பாதை 148 மீட்டர் குறைவு. அவர் வேகத்துக்கு அது சுமார் 27 விநாடி. அவர் முறியடித்ததாகச் சொன்ன பழைய நேரத்துக்கும் அவருடையதற்கும் வித்தியாசமே 21 விநாடிதான்! நேர்மாறாகவும் நடக்கும். 2015-ல் பாங்காக்கில் ஒரு அரை மாரத்தானில் திரும்ப வேண்டிய இடம் தவறிப்போய், ஓடியவர்கள் சுமார் 6 கி.மீ. கூடுதலாக ஓடினார்கள்.

பாதை சரியாக இருந்தாலும் அதை விட்டு விலகினால் கணக்கு போச்சு. இது தமிழ்நாட்டுக்குத் தெரிந்த வலி. 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டி 10,000 மீட்டரில் புதுக்கோட்டையைச் சேர்ந்த கோவிந்தன் லட்சுமணன் மூன்றாவதாக வந்தார். வெண்கலம் என்று கொண்டாட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே, டிராக்கின் உள்கோட்டைத் தாண்டிக் கால் வைத்ததாகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். பதக்கம் கைநழுவியது. டிராக்கில் கோடு இருக்கிறது, கேமரா இருக்கிறது. மண்பாதையில் இருப்பது கொடியும் ரிப்பனும் வளைவில் நிற்கும் ஒரு நடுவரும் மட்டும்தான்.

'என் வாட்ச் 10 கி.மீ. காட்டுச்சே?'

காட்டும். ஜிபிஎஸ் நம்மைத் தொடர்ந்து பார்ப்பதில்லை, இடைவெளி விட்டுப் புள்ளி வைத்து, புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கிறது. நேரான பாதையில் புள்ளிகள் இடமும் வலமும் தடுமாறினால் தூரம் கூடும். கொண்டை ஊசி மாதிரி வளைவில் மூலையை வெட்டிவிட்டால் தூரம் குறையும். அடர்ந்த மரநிழலில் தடுமாற்றம் இன்னும் அதிகம். போட்டியின் தூரத்தில் சந்தேகம் வந்தால் ஒரு வாட்ச்சை வைத்துச் சண்டை போடுவதில் பலன் இல்லை. இருபது பேர் வாட்ச்சும் ஒரே பக்கம் சாய்ந்தால் மட்டும் விசாரிக்கலாம்.

அப்போ எதை வைத்து முடிவு பண்றது?

கூட ஓடியவர்களை வைத்துத்தான். இரண்டு போட்டிகளிலும் ஓடிய பொதுவான ஆட்கள் 20 பேர் என்றால், ஒவ்வொருவரின் டைம் எவ்வளவு மாறியது என்று எழுதி, வரிசையின் நடுவில் இருக்கும் எண்ணை எடுக்க வேண்டும். எல்லோரும் சுமார் 50 விநாடி வேகமாக வந்திருந்தால், அந்த 50 விநாடி பாதையின் பரிசு. ஒருவர் மட்டும் 90 விநாடி குறைத்திருந்தால், மிச்சம் 40 அவருடைய உழைப்பு. ஜெயித்தவரை மட்டும் வைத்து இந்தக் கணக்கைப் போடக் கூடாது. எதிரில் ஆள் இல்லாவிட்டால் அவர் கடைசி 2 கி.மீ. சாவகாசமாக ஓடியிருக்கலாம். ஒரே நாளில் எல்லோரும் 'பெஸ்ட்' ஓடிவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அளவு டேப்பை.

கல்லூரி அணித் தேர்வில் பிடித்த இடம் காப்பாற்றிவிடும். ஸ்டாப்வாட்ச் மட்டும் பேசும் இடம் வேறு. தமிழ்நாடு காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். ஊரில் பைக் மீட்டரைப் பார்த்துக் குறி போட்டுப் பழகுபவர்கள் நிறைய. அந்த மீட்டர் 100 மீட்டருக்கு ஒருமுறைதான் நகரும் என்பதால் 1,500 என்று நினைப்பது 1,400 ஆகவும் இருக்கலாம். அங்கே தினமும் 6:45-ல் முடித்து நிம்மதியாக இருப்பவர், அதே வேகத்தில் தேர்வு மைதானத்தில் ஓடினால் 7:14. தேர்ச்சி இல்லை.

இதைத் தவிர்க்க ஒரு சைக்கிளும் 50 மீட்டர் ஸ்டீல் டேப்பும் போதும். நேரான சாலையில் டேப்பால் 300 மீட்டர் அளந்து குறி போட வேண்டும். முன்சக்கரத்தில் பெயின்ட் அடையாளம் வைத்து, அந்த 300 மீட்டருக்கு எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். 143 சுற்று வந்தால் 1,500 மீட்டருக்கு 715. எண்ண ஒரு ஆள் கூட வந்தால் நல்லது. பாதையை அளக்கும்போது ஓடும் அதே கோட்டில், வளைவின் உள்ஓரமாகவே ஓட்ட வேண்டும். அளந்து முடித்ததும் திரும்ப வந்து அந்த 300 மீட்டரை இன்னொரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். வெயிலில் டயர் காற்று விரிந்தால் 143 என்பது மாறியிருக்கும்.