எஃப்7 கட்டத்தின் ஆபத்து

சதுரங்க மன்றங்களில் பயின்று போட்டிகளில் ஆடுவோர் தொடக்க நகர்வுகளை மனப்பாடமாக அறிந்திருந்தாலும், அவற்றின் காரணத்தை முழுதும் உணராதிருப்பதுண்டு. அவர்களது ஆட்டங்கள் பல இந்த இடைவெளியிலேயே முடிவாகின்றன. இதற்குத் தக்க சான்று, 'இரு குதிரைத் தற்காப்பு' எனப்படும் தொடக்கமாகும்.

இதில் வெள்ளையர் நான்காம் நகர்வில் குதிரையை ஜி5 கட்டத்துக்குச் செலுத்தி, கறுப்பு ராஜாவைத் தவிர வேறு காவலற்ற எஃப்7 சிப்பாயை, சி4-இல் நிற்கும் மந்திரியின் துணையோடு குறிவைப்பார். கறுப்பர் டி5-க்குச் சிப்பாயைத் தள்ளி மந்திரியின் வழியை அடைக்க, வெள்ளைச் சிப்பாய் அதை வெட்டும்.

அந்தச் சிப்பாயை எஃப்6-இலுள்ள குதிரையால் உடனே வெட்டுவது இயல்பாகத் தோன்றினும், வெள்ளையர் தம் குதிரையை எஃப்7-இல் பலியிட்டு, ராஜா அதை வெட்டியதும் ராணியை எஃப்3-க்குக் கொணர்ந்து செக் வைப்பார். அதே ராணி டி5 குதிரையையும் தாக்குவதால், அதைக் காக்கக் கறுப்பு ராஜா இ6-க்கு, அதாவது பலகையின் நடுவுக்கே, வர நேர்கிறது. 'ஃப்ரைட் லிவர்' எனப்படும் இத்தாக்குதல், இத்தாலிய ஆட்டக்காரர் போலேரியோவின் காலமான ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அறியப்பட்டதாகும்.

சி6 குதிரையை ஏ5-க்கு நகர்த்தி மந்திரியைத் தாக்குவதே கறுப்பருக்குப் பெரிதும் பரிந்துரைக்கப்படும் மாற்றாகும். ஆட வேண்டிக் கைவைத்த காயை, விதிப்படி நகர்த்த இயலுமாயின், நகர்த்தியே தீர வேண்டும் என்பது 1924-இல் பாரிசில் தொடங்கப்பட்ட ஃபிடே அமைப்பின் விதியாதலால், தவறான குதிரையைத் தொட்டவருக்கு மீட்சியில்லை. எனவே, நகர்வை மட்டுமன்றி அதன் காரணத்தையும் கற்பதே போட்டியாளருக்கு உண்மையான பயிற்சியாகும்.