இலவச டிவியை எங்கே போடுவது?

பழைய டிவி, மானிட்டர், யூபிஎஸ் போன்றவை பழுதானால் என்ன செய்கிறோம்? காயலான் கடையில் எடைக்குப் போடுகிறோம். நானும் அதைத்தான் செய்தேன்.

திருவொற்றியூரில் எங்கள் வீடு தரைத்தளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. அரசு கொடுத்த 14 அங்குல கலர் டிவி, யூபிஎஸ், நான் கல்லூரி நாட்களில் பயன்படுத்திய கம்ப்யூட்டர் மூன்றும் நனைந்து போயின. டிவியையும் யூபிஎஸ்ஸையும் தெருவில் வந்த காயலான் கடைக்காரரிடம் போட்டோம். நானூறு ரூபாய் கிடைத்தது.

சில நாள் கழித்து பக்கிங்காம் கால்வாய் ஓரமாகப் போகும்போது பிக்சர் டியூப்கள் உடைந்து கிடப்பதைப் பார்த்தேன். பக்கத்தில் வயர் கொளுத்திய கரி. அந்தக் குவியலில் எங்கள் டிவியின் பின்மூடியும் இருந்தது. என் தங்கை சின்ன வயதில் ஒட்டிய ஸ்டிக்கர் அதில் அப்படியே இருந்தது. அதன் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படித்தேன்.

டிவிக்குள் என்ன இருக்கிறது?

2006 முதல் 2011 வரை தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கலர் டிவிகளை இலவசமாக வழங்கியது. எல்லாமே பிக்சர் டியூப் வகை. இந்த டியூபின் பின்பக்கக் கூம்புக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்சைடு இருக்கிறது. டியூபுக்குள் உண்டாகும் எக்ஸ் கதிர்கள் வெளியே வராமல் தடுப்பதற்காகவே இதைச் சேர்த்தார்கள்.

டிவி ஓடும் வரை இந்த ஈயத்தால் ஆபத்து இல்லை. உடைத்தால்தான் ஆபத்து. டியூபின் கழுத்தைச் சுற்றி செம்புக் கம்பிச் சுருள் இருக்கும். அதை எடுப்பதற்காகக் கழுத்தை உடைத்துவிட்டு, விலை போகாத கண்ணாடியை வீசிவிடுகிறார்கள். தூளும் துண்டும் மண்ணிலும் தண்ணீரிலும் சேர்கின்றன. கால்வாய்த் தண்ணீர் எண்ணூர் கழிமுகத்துக்குப் போகிறது. அங்கே பிடிக்கும் இறால்தான் எங்கள் வீட்டுச் சட்டிக்கு வருகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அதற்கு இல்லை.

வயரைக் கொளுத்துவது இன்னொரு கொடுமை. வயரின் மேலுறையான பிவிசியில் குளோரின் இருக்கிறது. செம்போடு சேர்ந்து எரியும்போது டயாக்சின் என்ற நச்சு உருவாகிறது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் கொளுத்துகிறவர்தான். அவரைத் திட்டிப் பயனில்லை. அவருக்குக் கிடைப்பது செம்பின் விலை மட்டும். மீதியை நாம் எல்லோரும் சேர்ந்து சுமக்கிறோம்.

யாரிடம் கொடுப்பது?

மின்னணுக் கழிவுக்கென்று நம் நாட்டில் தனி விதிகள் 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இப்போது நடப்பில் இருப்பவை 2023 ஏப்ரல் 1 முதல் அமலான புதிய விதிகள். இவற்றின்படி, பொருளைத் தயாரித்து விற்கும் நிறுவனமே அதன் மறுசுழற்சிக்குப் பொறுப்பு. மறுசுழற்சி செய்பவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை:

1. வாரியத்தின் இணையதளத்தில் பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியலைப் பாருங்கள். போன் செய்யும்போது பதிவு எண்ணைக் கேட்டு, பட்டியலோடு சரிபாருங்கள்.

2. ஒரே ஒரு டிவிக்காக வண்டி அனுப்பப் பலர் யோசிப்பார்கள். தெருவில் நாலைந்து வீடுகள் சேர்ந்து கூப்பிடுங்கள்.

3. பிக்சர் டியூபுக்குக் காசு எதிர்பார்க்காதீர்கள். அதைப் பிரித்துப் பாதுகாப்பாக வைப்பதற்கு அவர்களுக்குத்தான் செலவு.

4. யூபிஎஸ் பேட்டரியைத் தனியாகக் கழற்றி, புதிய பேட்டரி வாங்கும் கடையில் கொடுங்கள். விலையில் கழித்துக் கொள்வார்கள்.

5. உப்பிய செல்போன் பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. தீப்பிடிக்கும். குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள்.

ஹார்ட் டிஸ்க் ஜாக்கிரதை

கம்ப்யூட்டரைக் கொடுப்பதற்கு முன் பைல்களை டெலிட் செய்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். டெலிட் செய்தாலும், குவிக் பார்மட் செய்தாலும் அழிவது அட்டவணை மட்டுமே. பைல்கள் டிஸ்க்கிலேயே இருக்கும். ரெக்கவரி சாப்ட்வேர் இருந்தால் மீட்டுவிடலாம். விண்டோஸில் 'குவிக் பார்மட்' டிக்கை எடுத்துவிட்டு முழு பார்மட் செய்யுங்கள். எஸ்எஸ்டி என்றால் அதன் தயாரிப்பாளர் தரும் செக்யூர் இரேஸ் வசதியைப் பயன்படுத்துங்கள். செல்போனில் முதலில் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, பிறகு பாக்டரி ரீசெட் செய்யுங்கள்.

எங்கள் ஹார்ட் டிஸ்க் தண்ணீரில் நனைந்ததால் ஓடவில்லை. ஓடாத டிஸ்க்கை அழிக்க முடியாது. ஆனால் உள்ளே அப்பாவின் ஆதார் நகலும் பாஸ்புக் ஸ்கேனும் இருந்தன. அதைக் கழற்றி, தட்டுகளில் ஓட்டை விழும்படி டிரில் செய்த பிறகே கம்ப்யூட்டரோடு சேர்த்துக் கொடுத்தேன்.

இந்த முறை பதிவு பெற்ற நிறுவனத்துக்குத்தான் கொடுத்தேன். எதிர்வீட்டிலும் மாடியிலும் இருந்த இரண்டு அரசு டிவிகளும் அதே வண்டியில் போயின. மூன்று வீட்டுக்கும் சேர்த்துக் கிடைத்தது நானூறு ரூபாயைவிடக் குறைவுதான். ஆனால் அந்த இரண்டு டியூப்களும் கால்வாய் ஓரம் போகவில்லை. உங்கள் பரணிலும் ஒரு டிவி இருக்கிறதா? கீழே இறக்கும் முன் பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.