கழுத்துத் தழும்பு – 9: யாருடைய நார்மல்?

புற்றுநோய்க்காகத் தைராய்டு சுரப்பியை எடுத்து, கதிரியக்க ஐயோடின் வார்டிலிருந்தும் வீட்டுக்கு வந்துவிட்டால் வைத்தியம் முடிந்தது என்றுதான் சொந்தபந்தம் எல்லாம் நினைக்கிறது. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அறுவை சிகிச்சை செய்த டாக்டர் ஒருவர், ஐயோடின் கொடுத்த அணு மருத்துவப் பிரிவு டாக்டர் ஒருவர், ஹார்மோன் டாக்டர் ஒருவர், சளி காய்ச்சலுக்குப் போகிற தெருமுனை டாக்டர் ஒருவர். நால்வருமே கெட்டிக்காரர்கள்தான். ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை. நடுவில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைகிற தபால்காரர் நோயாளிதான்.

டிஸ்சார்ஜ் சீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் தைராக்சின் மாத்திரைக்கு எதிரே 1-0-0. அடுத்த வரியில் கால்சியத்துக்கு எதிரே 1-1-1. இதைப் படிக்கிறவர் காலையில் இரண்டையும் சேர்த்து ஒரே மடக்கில் விழுங்காமல் வேறென்ன செய்வார்? அப்படி விழுங்கினால் கால்சியம் வயிற்றிலேயே தைராக்சினைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சரியாகச் சேர விடாது. இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே கணக்கு. சீட்டில் இதைப் பற்றி ஒரு எழுத்து கிடையாது. எனக்குச் சொன்னவர் மருந்துக் கடைத் தம்பி. “தைராய்டு மாத்திரைய எந்திரிச்சதும் வெறும் வயித்துல போட்டுருங்கக்கா. காபி அரை மணி, முக்கால் மணி கழிச்சு. கால்சியத்தப் பதினோரு மணிக்குத் தள்ளிப் போடுங்க” என்று மாத்திரை அட்டையின் மேலேயே பேனாவால் எழுதிக் கொடுத்தார்.

சிக்கல் எதற்கு, கால்சியத்தையே நிறுத்திவிடலாமே என்று சிலருக்குத் தோன்றும். நிறுத்தக் கூடாது. தைராய்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள், பெரும்பாலானவர்களுக்கு நான்கு, ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்கின்றன. அறுவை சிகிச்சையில் அவற்றின் ரத்த ஓட்டம் பாதிக்கப்படலாம். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு தெரிந்தால் உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள். விரல்கள் இழுத்துக்கொண்டால் நேரே ஆஸ்பத்திரிதான்.

இதைவிடப் பெரிய குழப்பம் டி.எஸ்.ஹெச்., அதாவது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன். எனக்கு 0.08 வந்தது. ‘குறைவு’ என்று பக்கத்திலேயே தடித்த எழுத்து. நார்மல் என்பது சுமாராக 0.4 முதல் 4 வரை என்று லேப் அச்சடித்திருந்தது. தெருமுனை டாக்டர் பார்த்ததும், “டோஸ் ஜாஸ்தியா இருக்கும்மா. இதயம் படபடக்கும். 125-ஐ 100 ஆக்கிருவோம்” என்றார். குறைப்பதற்கு முன்னால் அணு மருத்துவப் பிரிவுக்குப் போன் போட்டேன். “யார் குறைக்கச் சொன்னா? நாங்கதான் வேணும்னே அப்படி வெச்சிருக்கோம்!”

இரண்டு பேருமே தெரியாமல் பேசவில்லை. லேப் அச்சடிக்கிற நார்மல், கழுத்தில் சுரப்பி இருப்பவர்களுக்கானது. பாப்பிலரி, ஃபாலிகுலர் வகைப் புற்றுநோயில் எங்காவது செல்கள் மிச்சமிருந்தால், டி.எஸ்.ஹெச். அவற்றை வளரத் தூண்டும். அதனால்தான் மாத்திரையைச் சற்றுக் கூட்டிக் கொடுத்து அதை அடக்கிவைக்கிறார்கள். நோய் திரும்பும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு 0.1-க்குக் கீழே, நடுத்தரமானவர்களுக்கு 0.1 முதல் 0.5, குறைவானவர்களுக்கு 0.5 முதல் 2 என்பது பல டாக்டர்கள் பின்பற்றி வரும் கணக்கு. தெருமுனை டாக்டரின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. வருஷக்கணக்கில் அடக்கியே வைத்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், எலும்பு தேயலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்தக் கவலை கூடுதல். அதனால் நோய் அடங்க அடங்க இந்த இலக்கையும் தளர்த்துவார்கள்.

இவ்வளவும் தெரிந்த ஆஸ்பத்திரி, ‘இவருக்கு இலக்கு இவ்வளவு’ என்று ஒரு வரி எழுதித் தராதது அலட்சியம் என்றுதான் சொல்வேன். நேரமில்லை என்பது காரணமே இல்லை. அடுத்த முறை போனபோது கேட்டேன். டாக்டரம்மா கொஞ்சம் முனகினார், ஆனாலும் ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்: “டி.எஸ்.ஹெச். இலக்கு 0.1-க்குக் கீழ். எங்களைக் கேட்காமல் டோஸ் மாற்ற வேண்டாம்.” இப்போது எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து வைக்கிறேன்.

டோஸ் மாற்றினால் டெஸ்ட் எடுக்க ஆறு முதல் எட்டு வாரம் பொறுக்க வேண்டும். ரத்தத்தில் தைராக்சின் பாதியாகக் குறையவே சுமார் ஏழு நாள் ஆகும். பத்தாம் நாளே லேபுக்கு ஓடினால் காசுதான் தண்டம். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அது ரிப்போர்ட்டையே மாற்றிக் காட்டிவிடும். செல்கள் மிச்சமிருக்கின்றனவா என்று அறிய ரத்தத்தில் தைரோகுளோபுலின் பார்க்கும்போது அதன் ஆன்டிபாடியையும் சேர்த்துப் பார்த்தார்களா என்று கவனியுங்கள். ஆன்டிபாடி இருந்தால் தைரோகுளோபுலின் அளவை மட்டும் வைத்து நிம்மதியடைய முடியாது. கூடுமானவரை ஒரே லேபில் எடுங்கள்.

இந்தச் சிகிச்சையில் இருப்பவர்கள் அடுத்த முறை போகும்போது, “என் டி.எஸ்.ஹெச். எவ்வளவில் இருக்கணும் டாக்டர்?” என்று மறக்காமல் கேளுங்கள். பதிலை ஃபைலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

(தொடரும்)