மூக்கில் அடிக்கும் மருந்துக்கு மருத்துவர் ஏன் பக்கத்தில் இருக்க வேண்டும்?

மனச்சோர்வுக்கு இரண்டு வகை மாத்திரைகளை முறையாக, போதிய காலம் உட்கொண்டும் தேறாதவர்கள் உண்டு. அவர்களுக்கான ஒரு வழி, எஸ்கெட்டமின் மூக்குத் தெளிப்பு. அமெரிக்கா 2019 மார்ச்சில் இதற்கு ஒப்புதல் அளித்தது.

எப்படி வேலை செய்கிறது?
வழக்கமான மாத்திரைகள் பெரும்பாலும் செரோடோனினைக் கூட்டுகின்றன. பலன் தெரியப் பல வாரங்களாகும். எஸ்கெட்டமினோ மூளையில் குளுட்டமேட் ஏற்பிகளில் ஒரு வகையை அடைக்கிறது. இதனால் நரம்பணு இணைப்புகள் மீண்டும் வலுப்பெறுகின்றன என்பது ஆய்வாளர்களின் கருத்து. சிலருக்கு ஒரே நாளில் மாற்றம் தெரிகிறது.

ஏன் வீட்டில் போடக்கூடாது?
இரத்த அழுத்தம் ஏறலாம், அரைமயக்கம் வரலாம், உடலைவிட்டு விலகியதுபோல் தோன்றலாம். போதைப் பழக்கமாகும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் ஒவ்வொரு முறையும் குறைந்தது 2 மணி நேரக் கண்காணிப்பு. முதல் 4 வாரங்களுக்கு வாரம் இருமுறை மருந்து. மறுநாள் வரை வண்டி ஓட்டக்கூடாது. மலேசியாவின் ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா போன்ற தோட்டப்புறங்களில் மோட்டார் சைக்கிளையே நம்பியிருப்போருக்குத் துணையாள் அவசியம்.

மலேசியாவில் ஏறத்தாழ 10 லட்சம் பேருக்கு மனச்சோர்வு இருப்பதாக 2023 தேசியச் சுகாதார ஆய்வு கூறுகிறது. இது சோம்பலோ செய்வினையோ அல்ல, நோய். இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லையா? அருகிலுள்ள அரசுக் கிளினிக்குக்குச் செல்லுங்கள். 15555 என்ற மனநல உதவி எண்ணில் பேசுங்கள்.