‘பஜாக்’ என்னும் சொல்லும் சபா வழக்கும்

பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் அடகுக் கடைப் பலகைகளில் ‘பஜாக் காடாய்’ என்னும் மலாய்ச் சொற்களை யாவரும் கண்டிருப்பர். நில அலுவலகத்திலோ ‘பஜாக்கான்’ என்றால் 99 ஆண்டு போன்ற தவணைக்கு உட்பட்ட குத்தகை. இந்தோனேசியாவில் ‘பஜாக்’ என்பது வரி. இவ்வாறு இடந்தோறும் பொருள் மாறும் இச்சொல்லே மலேசியாவுக்கும் பிலிப்பைன்சுக்கும் இடையே அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நிலவும் பிணக்கின் நடுவே நிற்கிறது.

1878 ஜனவரி 22ஆம் நாள் சூலு சுல்தான் ஜமாலுல் அஸாம், இன்றைய சபாவின் பெரும்பகுதியைக் குறித்து ஓவர்பெக், டெண்ட் என்னும் இருவருக்கு ஆவணம் எழுதித் தந்தார். ஆண்டுக்கு 5,000 வெள்ளி என்பது பேச்சு. 1903இல் அது 5,300 ஆயிற்று. ஜாவி எழுத்தில் உள்ள மூலத்தின் வினைச்சொல் ‘பஜாக்கான்’. ஆங்கிலேயர் அதனை ‘விட்டுக்கொடுத்தல்’ என்று பெயர்த்தனர். பிலிப்பைன்ஸ் தரப்பு ‘குத்தகைக்கு விடுதல்’ என்கிறது.

நம் பத்திர வழக்கில் கிரயம், ஒற்றி, குத்தகை மூன்றும் வெவ்வேறு. விட்டுக்கொடுத்த நிலத்துக்கு ஆண்டுதோறும் பணம் எதற்கு என்பது ஒரு தரப்பின் வினா. குத்தகை எனில் ‘என்றென்றைக்கும்’ என எழுதுவானேன் என்பது மறுதரப்பின் வினா. இரண்டும் நியாயமானவையே. ஆயினும் பழங்காலத்தார்க்கு இதில் முரண் தோன்றியிராது. கோயில் விளக்குக்கு 96 ஆடு அளித்து, ‘சந்திராதித்தவல்’ நெய் அளக்கப் பணிக்கும் சோழர் கல்வெட்டுகளைத் தமிழாசிரியர் அறிவர். கொடை நிலையானது, அதற்குரிய கடமையோ ஆண்டுதோறும் தொடர்வது. அன்றைய மலாய் வழக்கிலும் அபின் முதலியவற்றின் வரி தண்டும் தனியுரிமைக்குப் ‘பஜாக்’ என்றே பெயர். அக்காலச் சொல்லை இன்றைய நில அலுவலகப் பொருளில் படிப்பது பொருந்தாது.

1962 ஜூனில் மணிலா தன் உரிமைக் கோரிக்கையை எழுப்பியது. மலேசியா அமைந்த மறுநாள், 1963 செப்டம்பர் 17இல், தூதரக உறவு அறுந்தது, பின்னர் ஒட்டியது. 1968 மார்ச்சில், சபாவுக்குள் ஊடுருவப் பயிற்சி பெற்றதாகக் கூறப்பட்ட முஸ்லிம் இளைஞர்கள் கொரெகிடோர் தீவில் கொல்லப்பட்ட செய்தி வெளியாயிற்று. அவ்வாண்டே உறவு மீண்டும் முறிந்து, 1969 டிசம்பரில்தான் கூடியது. சபா மக்களின் விருப்பத்தைக் கோபோல்ட் குழு 1962இல் கேட்டறிந்திருந்தது என்பது கோலாலம்பூரின் பதில். சொற்பொருள் வாதத்தைவிட அது வலியதே.

2013 பிப்ரவரியில் சூலுவிலிருந்து ஆயுதக் கும்பல் ஒன்று லகாட் டத்துவில் இறங்கியது. தொடர்ந்த மோதல்களில் மலேசியப் பாதுகாப்புப் படையினர் பதின்மர் மாண்டனர். அதன்பின் சுல்தானின் வாரிசுகளுக்கு 5,300 வெள்ளி செலுத்துவது நின்றது. அந்த நிறுத்தமே வழக்கிற்குக் காரணமாயிற்று. அது பிலிப்பைன்ஸ் அரசு தொடுத்த வழக்கன்று. வாரிசுகள் எனப்படுவோர் தொடுத்தது. ஆவணம் குத்தகையே என்று கொண்ட நடுவர் ஒருவர், 2022 பிப்ரவரியில் பாரிசில், 1,492 கோடி அமெரிக்க டாலர் தருமாறு தீர்ப்பளித்தார். அதே ஆண்டு ஜூலையில் லக்சம்பர்க்கில் பெட்ரோனாசின் கிளை நிறுவனங்கள் முடக்கப்பட்டன. 2024 நவம்பரில் பிரான்சின் உச்ச மன்றம் மலேசியாவுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆனால் அம்மன்றம் ஆராய்ந்தது நடுவரின் அதிகாரத்தை; ‘பஜாக்’ என்பதன் பொருளை அன்று. மணிலாவும் 1962ஆம் ஆண்டுக் கோரிக்கையைக் கைவிடவில்லை.